ஆரம்ப இருப்பு எங்கே?

போன மாதம் அமெரிக்காவிலிருந்து அக்கா பெண் வந்திருந்தாள். கல்லூரியில் முதல் வருஷம் முடித்திருக்கிறாள். பெட்டியிலிருந்து சாக்லேட், வைட்டமின் மாத்திரை, ஷாம்பு பாட்டில் எல்லாம் வரிசையாக வெளியே வந்தபிறகு, அடியில் ஒரு புத்தகம். தலையணையாக வைத்துக்கொள்ளலாம், அத்தனை கனம். அடுத்த செமஸ்டருக்கான உலக வரலாறு. லீவில் புரட்டிப் பார்க்கலாம் என்று எடுத்து வந்தாளாம். அட்டையில் கொட்டை எழுத்தில் 'பாகம் இரண்டு: 1450 முதல் இன்று வரை' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"முதல் பாகத்தை எங்கேம்மா விட்டுட்டு வந்தே?"

"வாங்கவே இல்ல மாமா. ரெண்டுல ஏதாவது ஒண்ணு படிச்சாலே கிரெடிட் கிடைச்சிடும். முக்கால்வாசிப் பேர் செகண்ட் பார்ட்தான் எடுப்பாங்க. அதுலதான் நமக்குத் தெரிஞ்சதெல்லாம் வருமாம்."

தெரிந்ததைத் தெரிந்துகொள்ளக் கல்லூரிக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. மாமாவாக லட்சணமாக அடக்கிக்கொண்டு, புத்தகத்தை நாலு நாள் கடன் வாங்கிப் படித்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிரமாதமான புத்தகம். ஐரோப்பாக்காரன் கப்பலேறி வந்து எல்லோருக்கும் விளக்கேற்றி வைத்தான் என்கிற பழைய பஜனை இதில் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் ஒன்றேகால் கோடிப் பேரை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிய கதையை மழுப்பாமல் சொல்கிறது. இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோஸி மலையில் வெட்டியெடுத்த வெள்ளி, கைமாறிக் கைமாறிச் சீனாவரை போய்ச் சேர்ந்ததை ஒரே வரைபடத்தில் காட்டிவிடுகிறது. எனக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு புத்தகம் கிடைத்திருந்தால் தேர்வு முடிந்த அன்றே அக்பரையும் ஔரங்கசீப்பையும் மறந்திருக்க மாட்டேன்.

என் பிரச்னை, முதல் பக்கம்.

நான் படித்தது பி.காம். வரலாற்றில் எனக்குப் பட்டம் கிடையாது. ஆனால், கணக்கு நோட்டைத் திறந்ததும் கண் தானாக ஓர் இடத்துக்குப் போகும். ஓப்பனிங் பேலன்ஸ். ஆரம்ப இருப்பு. போன வருஷம் யாரிடம் எவ்வளவு இருந்தது, யாருக்கு யார் எவ்வளவு பாக்கி. அந்த வரி இல்லாமல் ஏப்ரல் 1-ம் தேதி வரவிலிருந்து யாராவது கணக்கு காட்டினால், எங்கள் வாத்தியார் நோட்டைத் திருப்பி நம் மேஜைக்கே அனுப்பிவிடுவார். அது இல்லாவிட்டால் கடைசியில் வரும் லாபம் உழைத்துச் சம்பாதித்ததா, அடுத்தவன் சொத்தா என்று சொல்லவே முடியாது.

1450-ல் திறக்கும் உலகக் கணக்கில் ஆரம்ப இருப்பு இல்லை. திரை விலகும்போதே போர்ச்சுக்கல்காரர்கள் பாய்மரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாம் கப்பல் வந்து கரை தட்டிய பிறகுதான் மேடைக்கு வருகிறார்கள்.

இந்தப் பாடத்துக்கே ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் முதல் வருஷ மாணவர்களுக்கு 'சமகால நாகரிகம்' என்று ஒரு கட்டாயப் பாடம் வைத்தது. போன வருஷம் வரை போர்முனைக்குப் போகவேண்டிய பையன்களுக்கு எதற்காகப் போர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இனி சமாதானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தது. மற்ற கல்லூரிகளும் தொடர, கிரேக்கத்தில் பிறந்து, ரோமில் வளர்ந்து, பாரிஸ், லண்டன் வழியாக அமெரிக்கா வந்துசேரும் ஒரு நேர்க்கோடு 'மேற்கத்திய நாகரிகம்' என்ற பாடமாக உட்கார்ந்துகொண்டது. நடுவில் எந்த ஸ்டேஷனிலும் ஆசியாக்காரன் ஏறவில்லை. 1980-களில் மாணவர்கள் கொடி பிடித்தார்கள். 1988-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அந்தக் கட்டாயப் பாடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

இதில் எனக்குப் பிடித்த ஆசாமி வில்லியம் மெக்நீல். 1963-ல் 'மேற்கின் எழுச்சி' என்று ஒரு பெரிய உலக வரலாறு எழுதிப் புகழ் பெற்றவர். 1990-ல் ஓர் ஆய்விதழின் முதல் இதழில் தன் புத்தகத்தைத் தானே விமர்சித்து ஒரு கட்டுரை எழுதினார். கி.பி. 1000-த்திலிருந்து 1500 வரை உலகத்தின் முதலிடம் சீனாவுக்குத்தான், அதை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நம் ஊரில் எழுத்தாளர் ஒருவர் தன் புத்தகத்தைத் தானே இப்படிக் கிழித்து நான் பார்த்ததில்லை. மற்றவர் புத்தகம் என்றால் தாராளமாகக் கிழிப்போம்!

சரி, 1450 எங்கிருந்து வந்தது? ஆசிரியர்கள் தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளிக்கூடத்திலேயே கல்லூரிப் பாடத்தை எடுத்து, தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பல கல்லூரிகள் அதைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும். ஏ.பி. என்பார்கள். அதில் உலக வரலாறு சுமார் பத்தாயிரம் வருஷம். பள்ளிக்கூடம் நடப்பது ஏறத்தாழ 180 நாள். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 55 வருஷம்! ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்று லீவு போட்டால் இரண்டு உலகப் போரும் போச்சு.

இது நடக்கிற காரியமில்லை என்று, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு 2018 மே மாதம் கத்திரிக்கோலை எடுத்தது. இனி தேர்வு 1450-லிருந்துதான் என்றது. ஆசிரியர்கள் கொதித்தார்கள். மாணவர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி மனுப் போட்டார்கள். (பாடத்தைக் குறைக்காதே என்று மாணவர்கள் மனுப் போட்ட அதிசயத்தை நம் ஊர்ப் பெற்றோர் குறித்துக்கொள்ளவும்.) ஜூலையில் ஒரு ராஜி வந்தது. 1450 வேண்டாம், 1200. அடுத்த கல்வியாண்டிலிருந்து அதுதான் அமல்.

காய்கறிக் கடை பேரம் மாதிரி ஆகிவிட்டது. 1200 வந்ததால் மங்கோலியர்கள் உள்ளே வந்தார்கள். 1324-ல் மெக்கா யாத்திரை போன மாலி நாட்டு மன்னர் மூசாவுக்கும் இடம் கிடைத்தது. ஆனால், இந்தக் கோடு எவ்வளவு விநோதமான இடத்தில் விழுகிறது என்பதற்கு என் பி.காம். நோட்டிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன்.

இரட்டைப் பதிவு முறையைப் புத்தகமாக அச்சிட்டுத் தந்தவர் லூகா பாச்சோலி, 1494, வெனிஸ் நகரம். காமர்ஸ் மாணவர்களுக்கு இது காயத்ரி மந்திரம். வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைத்தான் அவர் எழுதிவைத்தார். அந்தக் கணக்குக்கு எண்கள் எங்கிருந்து வந்தன? 1202-ல் ஃபிபோனாச்சி என்கிற பைசா நகரத்துக்காரர் தன் நூலில் சொல்லிக்கொடுத்தார். அவருடைய அப்பா இன்றைய அல்ஜீரியாவில் ஒரு துறைமுகத்தில் சுங்க அலுவல் பார்த்தவர். பையன் அங்கே போய்க் கற்றுக்கொண்ட இலக்கங்களை இந்தியர்களுடையவை என்று அவரே எழுதுகிறார். 628-ல் பூஜ்யத்தை வைத்துக் கணக்குப் போட விதிகள் எழுதிய பிரம்மகுப்தர், ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்தில் அந்த முறையை விளக்கி எழுதிய அல்-குவாரிஸ்மி என்று அந்தச் சரக்கு கைமாறி வந்திருக்கிறது. வந்ததும் மாலை போட்டு வரவேற்றார்களா? இல்லை. 1299-ல் ஃபிளாரன்ஸ் நகரத்து நாணய மாற்றுக்காரர்கள் சங்கம், கணக்குப் புத்தகத்தில் இந்தப் புது எண்களை எழுதக் கூடாது என்று தடை போட்டது!

இப்போது கோட்டைப் பாருங்கள். 1450 என்றால் பாச்சோலி மட்டும்தான் உள்ளே. 1200 என்றால் இரண்டே வருஷத்தில் ஃபிபோனாச்சி தப்பித்து உள்ளே வந்துவிடுகிறார். எண்ணைக் கொடுத்த இருவரும் வாசலுக்கு வெளியே! கணக்கு எழுதக் கற்றுக்கொண்டவனின் பெயர் இருக்கிறது, எழுத்தைக் கொடுத்தவனின் பெயர் இல்லை.

'யார் முதலில்' என்கிற சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. பழையது தெரியாவிட்டால் புதியதும் புரியாது என்பதுதான் என் வாதம். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். புத்தகத்தில் அரைப் பக்கமும் ஒரு படமும் இருக்கின்றன. இல்லாத இரண்டு காட்சிகளை நான் சொல்கிறேன். முதன்முதலில் கரைக்கு அனுப்பப்பட்ட ஆள், அங்கே துனிஸ் நாட்டு வியாபாரிகள் இருவரைச் சந்தித்தான். அவர்கள் இவனிடம் ஸ்பெயின் மொழியிலேயே பேசினார்கள். கண்டுபிடிக்கப்பட்ட இடத்தில், கண்டுபிடிக்க வந்தவனின் பக்கத்து ஊர்ப் பாஷை தெரிந்த ஆசாமி முன்பே உட்கார்ந்திருக்கிறான்! அடுத்தது, மன்னர் சாமூத்திரிக்கு காமா எடுத்துவைத்த பரிசுகள். கோடு போட்ட துணி, தொப்பிகள், நாலு சரம் பவளம், கை கழுவும் கிண்ணங்கள், சர்க்கரை, எண்ணெய், தேன். அரண்மனை ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பானே என்றார்களாம். எல்லாமே காமாவின் பயணத்தில் கூட வந்தவர் எழுதிய குறிப்பில் இருக்கிறது.

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் வேண்டுமானால், அதற்கு முன்னால் அந்தக் கடலில் எவ்வளவு பணம் புரண்டது என்று தெரிய வேண்டும். எகிப்தில் கிடைத்து இன்று வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் தாள், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு பக்கம் கடன் பத்திரம், மறுபக்கம் சரக்கு மதிப்பு. நம் சங்கப் பாடல்களில் வரும் அதே முசிறியிலிருந்து 'ஹெர்மாபோலன்' என்ற கப்பலில் ஏறிய தந்தமும் வாசனைப் பொருளும். மதிப்பு சுமார் 70 லட்சம் ரோமானிய செஸ்டர்ஸ். சுங்க வரி 25 சதவீதம்! கடன், சரக்கு, வரி என்று எல்லாம் கறாராக எழுதி வியாபாரம் நடந்த கடலுக்குத்தான் காமா தொப்பியோடு வந்தார். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

1502-ல் அவரே திரும்பி வந்து கோழிக்கோட்டைப் பீரங்கியால் சுட்டார். 1450-ல் ஆரம்பிக்கும் மாணவிக்குப் பீரங்கி தெரியும், சிரிப்பு தெரியாது. அதனால் ஐரோப்பா ஜெயித்தது இயற்கை நியதி போலவும், கிழக்கு தூங்கி வழிந்தது போலவும் அவள் மனதில் பதியும். புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. ஆரம்பிக்கும் இடம் சொல்லிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு 'பார்த்தாயா, எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பக் கிளம்புகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஆரம்ப இருப்பு என்றால் சொத்து மட்டுமல்ல, கடனும் அதே பக்கத்தில் வரும். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்துக்குக் கடற்படை அனுப்பியதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவனுடைய மெய்க்கீர்த்தியே அங்கிருந்து எடுத்து வந்த செல்வத்தையும் தோரணத்தையும் பட்டியல் போடுகிறது. பக்கத்து வீட்டுக் கடாரத்துக்காரர் நோட்டில் அது எந்தப் பக்கம் பதிவாகும்?

அமெரிக்காக்காரர்களைக் கிண்டல் செய்யவும் நமக்கு யோக்யதை இல்லை. ஐ.ஏ.எஸ். மெயின் தேர்வில் 2013-லிருந்து உலக வரலாறு இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பம் தெரியுமா? பதினெட்டாம் நூற்றாண்டு! தொழிற்புரட்சி, உலகப் போர்கள், காலனி ஆதிக்கம். அவர்கள் 1450-க்கே தெருவில் இறங்கினார்கள். நாம் அதற்கும் 250 வருஷம் கழித்துத் திறந்த நோட்டை வாங்கிவைத்துக்கொண்டு, கோச்சிங் சென்டரில் குறிப்பு எடுக்கிறோம்.

அப்படியானால் பத்தாயிரம் வருஷத்தையும் 180 நாளில் திணிக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. குறைக்கத்தான் வேண்டும். தலையை வெட்டிக் குறைக்காமல், உடம்பை இளைக்கவைத்துக் குறைக்கலாம் அல்லவா? நூறு ராஜாக்களுக்குப் பதில் நாலைந்து சரக்குகளைத் தொடருங்கள். எண்கள், காகிதம், மிளகு, வெள்ளி. எங்கே பிறந்து யார் கையில் மாறி எப்படி வந்தது என்று பின்னால் போனால், ஹான் சீனாவும் பாக்தாத்தும் முசிறியும் தாமாகவே வழியில் வரும். நேரு சிறையில், நூலக வசதி இல்லாமல், 1930-லிருந்து 1933 வரை மகளுக்கு எழுதிய 196 கடிதங்களில் பழங்காலத்தையும் நிகழ்காலத்தையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தார். பிழைகள் இருக்கலாம். ஆனால், அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இரண்டாம் பாகத்தை மட்டும் அவர் அனுப்பவில்லை.

இதையெல்லாம் அக்கா பெண்ணிடம் அரைமணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டாள். "நல்லாதான் இருக்கு மாமா. ஆனா, எக்ஸாம்ல வராதே" என்றாள். நானும் அந்த வயதில் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து நேற்று ஒரு மெசேஜ். 'மாமா, எங்க காலேஜ் லைப்ரரில அந்த முதல் பாகம் இருக்கு. எடுத்துட்டேன். புத்தம் புதுசா இருக்கு. யாருமே தொட்ட மாதிரி தெரியல.'