கட்டடக் காட்சிப்படங்களில் சாளரக் கண்ணாடி

இன்னும் கட்டப்படாத கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாணப் படமாக உருவாக்கிக் காட்டுவது கட்டடக்கலைக் காட்சிப்படுத்தல் எனப்படும். இப்படங்களில் மரமும் கல்லும் துணியும் இன்று நிழற்படத்தில் உள்ளவை போலவே அமைகின்றன. சாளரக் கண்ணாடி மட்டும் பல படங்களில் பொய்யாகவே இருக்கிறது. அதை ஒளிபுகும் பொருளாக மட்டும் கருதுவதே இதற்குக் காரணம்.

இயற்பியல் அடிப்படை

சாதாரணச் சாளரக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52. நேராகப் பார்க்கும்போது அதன் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியை எதிரொளிக்கும். இரு பரப்புகளும் சேர்ந்து சுமார் 8 விழுக்காடு. பார்வை சாயச் சாய இந்த அளவு கூடும். செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை சாய்வில் ஒரு பரப்பு 9 விழுக்காடும், 80 பாகையில் 39 விழுக்காடும் எதிரொளிக்கும். இதைக் கணக்கிடுபவை பிரெனெல் சமன்பாடுகள்.

8 விழுக்காடு சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் மேகமூட்டமான பகலிலும் வெளியே 10,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கக்கூடும். அலுவலக அறையில் 500 லக்ஸ் போதுமானது. அப்போது கண்ணாடியில் தெரியும் வானத்தின் பிம்பமே அறைச் சுவரைவிட ஒளிமிக்கதாக இருக்கும். இரவில் இந்நிலை தலைகீழாகும். ஆகவே ஒரு சாளரத்தின் ஊடாக எவ்வளவு தெரியும் என்பது, அதன் இருபுறமும் உள்ள வெளிச்சத்தைப் பொறுத்தது.

படங்களில் காணும் குறைகள்

ஒளிபுகும் அளவை மட்டும் கூட்டிக் குறைத்தால், எதிரொளிப்பே இல்லாத வெற்றுத் துளை போன்ற சாளரம் கிடைக்கும். தடிமனற்ற ஒற்றைத் தளத்துக்கு ஒளிவிலகலை அளித்தால், உட்புறம் முழுவதும் கண்ணாடிக் கட்டிக்குள் புதைந்தது போல இடம்பெயர்ந்து தெரியும். எல்லாப் பலகைகளும் குறையற்ற ஒரே தளத்தில் அமைவது மற்றொரு குறை. உண்மையில் பலகைகள் சிறிதளவு சாய்ந்தும் வளைந்தும் இருப்பதால், ஒரே மரத்தின் பிம்பம் பலகைக்குப் பலகை உடைந்து தெரியும்.

மீஸின் கண்டறிவு

கணினிக்கு முன்பே இச்சிக்கல் உணரப்பட்டது. பெர்லினின் பிரீட்ரிக்ஸ்ட்ராசே தெருவுக்காக 1921இல் கண்ணாடி வானளாவி ஒன்றை வடிவமைத்த மீஸ் வான் டெர் ரோ, கண்ணாடி மாதிரியுருக்களைக் கொண்டும் ஆராய்ந்தார். கண்ணாடிக் கட்டடத்தில் முதன்மையானது ஒளி-நிழல் அன்று, எதிரொளிப்புகளின் விளையாட்டே என்று 1922இல் எழுதினார்.

மதிப்பீடு

அந்திவேளைப் படம் தன்னளவில் பொய்யன்று. வானம் மங்கி உள்விளக்குகள் எரியும்போது கண்ணாடி உண்மையிலேயே தெளிவாக இருக்கும். அந்த ஒரு வேளையை மட்டும் காட்டி, பகல் முழுவதும் தெருவை நோக்கி நிற்கப்போகும் ஆடி போன்ற முகப்பை மறைப்பதே பிழை. வீடு வாங்குபவரும் அண்டை வீட்டாரும் அப்படத்தை நம்பியே முடிவெடுக்கின்றனர். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி பறவைகள் கட்டடங்களில் மோதி இறப்பதாக 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. கண்ணாடியில் தெரியும் வானையும் மரங்களையும் உண்மையென எண்ணுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். எனவே ஒரு காட்சிப்படத்தின் நேர்மையை அறிய, அதே கோணத்தில் நண்பகல் படத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.