ஒரு கொலை, நான்கு புத்தகங்கள்

தமிழில் தன்வரலாறு பெரும்பாலும் ஊரில் தொடங்கும். 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ உத்தமதானபுரத்தின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஆளிடம் வருகிறது. முழு வாழ்க்கையையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரே நிகழ்வைச் சுற்றி எழுதுவது இன்னொரு வகை. அதைப் புரிந்துகொள்ள பூந்தமல்லியிலிருந்து தொடங்கலாம்.

1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி பூந்தமல்லியில் பேசிவிட்டுத்தான் ஸ்ரீபெரும்புதூர் போனார். அங்கே குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கு நடந்ததும் பூந்தமல்லி தடா நீதிமன்றத்தில்தான். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்குத் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் விதித்தது. மற்ற 19 பேர் வெளியே வந்தார்கள்.

வழக்கு ஒன்றுதான். ஆனால் அதைப் பற்றி எழுதியவர்களுக்கு மைய நிகழ்வு ஒன்றல்ல. அன்றிரவு ராஜீவின் காரிலேயே பேட்டி எடுத்தபடி வந்த பத்திரிகையாளர் நீனா கோபால், 2016-ல் ஆங்கிலத்தில் எழுதிய நூலில் குண்டுவெடிப்பை நேரில் கண்டவராகப் பேசுகிறார். சிபிஐ புலனாய்வு அதிகாரி ரகோத்தமனின் ‘ராஜீவ் கொலை வழக்கு’ குண்டு வெடித்த பிறகே சூடுபிடிக்கிறது. புகைப்படக்காரர் ஹரிபாபு அங்கேயே இறந்துபோக, அவருடைய கேமரா தப்பியது. அதிலிருந்த படங்களில்தான் மாலையோடு மனித வெடிகுண்டு தணுவும், நிருபர் வேடத்தில் சதித் தலைவன் சிவராசனும் சிக்கினார்கள். தூக்கு உறுதியான நால்வரில் ஒருவரான நளினியின் நூல், ராஜீவின் மகள் பிரியங்காவோடு 2008-ல் வேலூர் சிறையில் நடந்த சந்திப்பைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது.

அந்த நால்வரில் இன்னொருவரான பேரறிவாளனின் ‘தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்’ இன்னும் சின்ன இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்ன வாக்குமூலமே அவரைத் தூக்குவரை கொண்டுபோனது. எதற்கு என்று தெரியாமல் வாங்கியதாக அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியே 2013-ல் ஒப்புக்கொண்டார். நாடே பார்த்த வெடிப்பு அவர் கதையில் பின்னணிக்குப் போய்விட, ஒரு காகிதத்தில் பதிந்ததும் பதியாததுமே அவருடைய மைய நிகழ்வாகிறது. 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இந்த வழக்குக்கு வெளியிலும் இந்த வகையைப் பார்க்கலாம். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலாக அச்சானாலும், குண்டூர் காவல் நிலையத்தில் அவரே பட்ட பாடுதான். அடைபட்ட நாட்களைத் தாண்டி அது வெகுதூரம் போவதில்லை. அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’, லாக்கப்பைத் தாண்டிச் சென்னைக்கு வந்து வேறொரு கதையையும் சேர்த்துக்கொண்டது. படத்துக்கு அந்த நீட்சி தேவைப்பட்டது, புத்தகத்துக்குத் தேவைப்படவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஊரறிந்த பெரிய நிகழ்வே எழுதுபவருக்கும் மைய நிகழ்வாக இருக்க வேண்டியதில்லை. தான் மட்டுமே சாட்சி சொல்லக்கூடிய இடம் எதுவோ அதுதான் மையம். தீர்ப்பிலும் செய்தித்தாளிலும் ஏற்கெனவே வந்ததைத் திரும்பச் சொல்லும் பக்கங்கள்தான் இந்தப் புத்தகங்களில் முதலில் பழசாகின்றன.