தோல்வியின் வரலாறு: கூட்டுச் சீட்டாட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஹந்தானை மலையடிவாரத்து மாணவர் விடுதிகளில் 'முந்நூற்றுநாலு' ஆடப்படுவதைக் காணாதார் இரார். முப்பத்திரண்டு சீட்டுகள், வகையொன்றுக்கு 76 புள்ளிகளாக நான்கு வகைக்கும் 304. எதிரெதிரே அமர்ந்த இருவர் கூட்டாளிகள். தம் கையிலுள்ளதைச் சொல்லாமலே ஒருவரையொருவர் உணர்ந்து ஆடுவர். எனினும் ஓரணியின் வெற்றி மற்றோரணியின் தோல்வியே. இதனின்று வேறுபட்டதாய், ஆடுவோர் அனைவரும் ஓரணியில் நிற்க, சீட்டுக்கட்டே எதிரியாய் அமையும் ஆட்டவகையொன்று மேற்கில் வளர்ந்துள்ளது. பல களங்கள் ஒரே கதையாய்த் தொடர்வதால் இதனை ஓர் எடுத்துரைப்பு வடிவமாகக் கொண்டு நோக்குதல் பொருத்தமாகும்.

ரோல்கீனின் கதையுலகை அடியாகக் கொண்டு 2011இல் வெளிவந்த 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' சீட்டாட்டத்தின் முதற்பெட்டியில் மூன்று களங்கள் உள. அவற்றின் கடினஅளவு முறையே 1, 4, 7 எனக் குறிக்கப்பட்டுள்ளது. மூன்றாவதான டொல் குல்டூர் களத்தில், ஆட்டம் தொடங்குமுன்னரே வீரருள் ஒருவர் குருட்டு வாய்ப்பாற் சிறைப்படுகின்றார். தனியே ஆடுபவர் மூன்று வீரருடன் வந்து இருவருடன் போராட வேண்டியவராகின்றார். அச்சுறுத்தலின் அளவு ஐம்பதைத் தொட்டதும் அவர் ஆட்டத்தினின்று நீக்கப்படுவார். முயற்சிக் குறைவன்றி, தொடக்க நிலைமையே இங்குத் தோல்விக்குக் காரணமாகின்றது என்பது மனங்கொளத்தக்கது.

இத்தகைய களத்தை எதிர்கொள்வோர் பொதுவாக மூன்று வழிகளை நாடுவர். முதலாவது, மேலும் சீட்டுகளை விலைக்கு வாங்குதல். விரிவுப் பொதிகளைத் தொடர்ந்து விற்பதே இவ்வாட்டத்தின் வணிகமுறையாதலின், இடர்ப்பாடும் அதன் தீர்வும் ஒரே கடையில் விற்கப்படும் பண்டங்களாகின்றன. இரண்டாவது, விதிகளைத் தளர்த்துதல். இதில் இழிவில்லை, ஆயின் களம் எழுப்பிய வினாவுக்கு விடையுமில்லை. மூன்றாவது, திறமைசாலி ஒருவர் ஏனையோரின் கைகளையும் தாமே ஆடுதல். கையிலுள்ள சீட்டின் பெயரைச் சொல்லலாகாது என விதி தடுப்பினும், கலந்துபேச இடமுண்டு. அவ்விடத்திலே தலைவர் ஒருவர் தோன்றிவிடுகின்றார். கூட்டுச்செயல் என்னும் பெயரில் ஒருவரின் ஆணை நடைபெறுவதை நாம் ஆட்டமேசையில் மட்டுமா கண்டிருக்கின்றோம்?

நான்காவது வழியும் உண்டு. தோற்றபின் அனைவரும் தத்தம் கட்டைக் கலைத்து, எவ்விடத்தில் முறிந்தோம் என ஆராய்ந்து, தொழிற்பிரிவினை செய்து மீளக் கட்டுதல். பயணத்தை முன்னெடுத்தல் ஒருவர் பொறுப்பு. தாக்குதலைத் தாங்குதல் மற்றொருவர் பொறுப்பு. தனித்தனியே சிறந்த இரு கட்டுகள் இணைந்தவிடத்துத் தோற்பதும், தனியே நில்லாத இரு கட்டுகள் இணைந்தவிடத்து வெல்வதும் இதனால் நிகழ்கின்றன.

ஆயினும் அடிப்படை வினா, தோல்வியை இவ்வடிவங்கள் எங்ஙனம் பதிவுசெய்கின்றன என்பதே. மேற்கூறிய ஆட்டத்தின் தொடர்முறையில், தோற்ற களத்தை வெல்லும்வரை திரும்ப ஆடலாம். வென்ற களத்தில் வீழ்ந்த வீரரின் பெயர் ஏட்டில் ஏறும். தோற்ற முயற்சிகளோ சுவடின்றி மறையும். அதாவது, வெற்றிக்குக் கொடுத்த விலைக்கு மட்டுமே வரலாறு உண்டு. அதே நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'ஆர்க்கம் ஹொரர்' சீட்டாட்டத்திலோ தோல்வியும் ஏட்டில் எழுதப்படும். கதை பெரும்பாலும் அங்கே நில்லாது, காயமும் மனவடுவும் சுமந்த மாந்தருடன் அடுத்த களத்துக்குச் செல்லும். எனினும் இதன் அடிப்படையான லவ்கிராஃப்டின் உலகநோக்கு, மனித முயற்சியைப் பொருட்படுத்தாத பிரபஞ்சம் பற்றியது. ஒன்று தோல்வியை அழித்து வெற்றியை உறுதிசெய்கின்றது. மற்றொன்று தோல்வியைப் பேணி அதனை விதியாக்குகின்றது. தோல்வியைப் பேணியும் அதனை விதியென ஏலாத நிலையே இயக்கவியல் நோக்காகும்.

இது விளையாட்டுக்கு மட்டுமுரிய பிரச்சினையன்று. இம்மலைகளுக்கு அண்மையில், ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாராற் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு மனித உயிர் சீட்டன்று. மீண்டும் கலைத்து ஆடுவதற்கும் இல்லை. ஆனால் அவ்விழப்பை எந்த ஏட்டில், எவ்வாறு எழுதுவது என்னும் வினா எழுத்தாளர்க்கு உண்டு. முற்போக்குக் கதைகளில் ஒருசாரன, இறுதி அத்தியாயத்தில் கொடி உயர்த்தி, இடையில் நேர்ந்த தோல்விகளை மறந்தன. பின்வந்தவற்றுள் ஒருசாரன, தோல்வியையே மனித இயல்பெனக் கொண்டு கையறுநிலை பாடின. இரண்டும் மேற்கூறிய இரு ஆட்டங்களின் குறைபாடுகளேயாம்.

சிறைப்பட்டவனை விட்டகலாது, தோற்ற கணக்கையும் ஏட்டில் எழுதி, அதிலிருந்து அடுத்த முயற்சியை ஒழுங்குசெய்யும் எடுத்துரைப்பே நமக்கு வேண்டுவது. அத்தகைய எழுத்து கூடித் தோற்றவர்களின் அனுபவத்திலிருந்தே பிறக்க முடியும்.