பத்தில் சேராதவர்கள்

மட்டாஞ்சேரியின் பரதேசி யூதக் கோயிலைப் பற்றி எழுதப்படும் பயணக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: தொழுகை நடத்தப் போதுமான ஆட்கள் இல்லை. 1568இல் கட்டப்பட்ட கோயில், தரையில் சீனத்து நீல ஓடுகள், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள், அதன்பின் இந்த வாக்கியம். 'ஆட்கள்' என்று இங்கே சொல்லப்படுவது ஆண்கள். யூத மரபில் கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்களாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அதே தெருவில் சாரா கோஹென் தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் பூத்தையல் கடை வைத்திருந்தார். ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணியும், ஆண்கள் தொழுகையில் அணியும் குல்லாயும் அவர் கைப்பட உருவானவை. 2019இல், 96 வயதில் இறந்தார். கொச்சி யூதர் என்றால் உலகம் நினைவில் வைத்திருந்தது அவர் முகத்தைத்தான். பத்தில் மட்டும் அவர் சேரமாட்டார்.

நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது மணமான ஆண்தான் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்தவள் சில ஊர்களில் அரைத் தலைக்கட்டு, சில ஊர்களில் அதுவும் இல்லை. சாமிக்கு மாவிளக்கு எடுப்பவள் அவளாக இருந்தாலும்.

யூதரையும் தமிழையும் சேர்த்துப் பேச நேரும்போதெல்லாம் நம் தமிழ்த்துறைகள் எடுத்து வைப்பது ஒரு சொல்லை. எபிரேய வேதத்தில் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்ததாக வரும் 'துக்கி' நம் 'தோகை' என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். சொல்லிவிட்டுப் பெருமையோடு எழுந்துவிடுகிறோம். இன்றைய ஹீப்ருவில் அந்தச் சொல்லுக்குக் கிளி என்று பொருள். மயில் எங்கே கிளியானது என்று கேட்டிருந்தால், கொச்சி யூதப் பெண்கள் பாடிய கிளிப் பாட்டுகளாவது நம் கண்ணில் பட்டிருக்கும்.

அந்தப் பாட்டுகள் நோட்டுகளில் இருந்தன. பள்ளிக்கூட நோட்டு போன்ற சாதாரணக் காகிதத்தில், மலையாள எழுத்தில், பெண்கள் தங்களுக்காகவும் மகள்களுக்காகவும் எழுதி வைத்தவை. கல்யாணத்துக்கு ஒரு தொகுதி, விருத்தசேதனச் சடங்குக்குச் சில, வேதக் கதைகள், ஒவ்வொரு கோயிலைப் பற்றியும் ஒன்று. 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடியேறியபோது இந்த நோட்டுகளும் பெட்டியில் போயின. அங்கே மலையாளத்துக்கு மதிப்பில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டு புரியவில்லை. ஆய்வாளர்கள் பார்பரா ஜான்சன், ஷெர்லி ஐசன்பர்க், பி. எம். ஜூசே முதலியோர் தேடித் திரட்டிய பிறகுதான் அவை இலக்கியம் என்று பெயர் பெற்றன. 2005இல் ஸ்கரியா ஸக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் மலையாளத்திலும் ஹீப்ருவிலுமாகப் பதிப்பித்த தொகுப்பின் பெயர் 'கார்குழலி'. அந்தத் தலைப்பை நாம் மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை.

(இஸ்ரேல் அரசின் மீது எனக்குள்ள கோபம் வேறு, இந்த நோட்டுகளை வாசிப்பது வேறு. வகுப்பில் முதலில் எழும் கேள்வி அதுவாக இருப்பதால் சொல்லி வைக்கிறேன்.)

வைதீக யூத மரபில் பெண்ணின் பாடும் குரலை அயல் ஆண் கேட்கலாகாது என்றொரு தடை பல இடங்களில் உண்டு. கேரளத்தில் பெண்கள் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினார்கள். சிறுமிகளுக்கு ஹீப்ரு வாசிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். இதை வைத்துக்கொண்டு கொச்சியைப் பெண்களின் பொன்னுலகமாக்கும் எழுத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கேரளக் கோயில்களின் தனிச்சிறப்பாகக் கட்டடக்கலை நூல்கள் காட்டுவது மாடியில், பெண்கள் பகுதியை ஒட்டி அமைந்த இரண்டாவது வாசிப்பு மேடை. பெண்களுக்கு அத்தனை பக்கத்தில் வந்த வேதத்தை அங்கே நின்று வாசித்தவன் ஆண். பெண்கள் மறைப்புக்குப் பின்னால்.

பாட்டுகள் பேசாத ஒன்றைப் பேசியவர் ரூபி டேனியல். 1912இல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர், 1951இல் இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸுக்குப் போனவர். ஜான்சனோடு சேர்ந்து 1995இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தன்வரலாற்றில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட தன் மக்கள் பரதேசி கோயிலில் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று எழுதுகிறார். அவர்களுக்கு உள்ளே சம இடம் கிடையாது. வேதம் வாசிக்கும் உரிமை கிடையாது. 'வெள்ளை' யூதர் வீட்டில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ முடியாது. ஏ. பி. சேலம் என்ற வழக்கறிஞர் (எங்கள் ஊர்ப் பெயர்தான், தொடர்பில்லை) கோயிலுக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்யும்படி ஆனது. ஆக, பத்தில் சேராதவர்களில் ஆண்களும் இருந்தார்கள். இந்தப் புத்தகத்தைச் சமையலும் பண்டிகையும் நிறைந்த நினைவுக் குறிப்பாக மட்டும் படிப்பவர்கள், சாதி தெரிந்த கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கிறார்கள். தமிழ் வாசகிக்கு அந்தச் சலுகை இல்லை.

கல்லும் செம்பும் என்ன சொல்கின்றன? சுமார் 1000ஆம் ஆண்டில் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணம் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அந்த உரிமை அவருடைய ஆண்மக்களுக்கும், பெண்மக்களுக்கும், மருமக்களுக்கும், பெண்மக்களை மணந்தவர்களுக்கும் தொடர்வதாக எழுதியிருக்கிறது. வரலாற்று நூல்கள் ரப்பான் பெயரோடு நிறுத்திக்கொள்கின்றன. இந்தியாவில் கிடைத்த ஹீப்ருக் கல்வெட்டுகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவது சேந்தமங்கலத்தில் உள்ளது. நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் அல்ல, பறவூர் அருகேயுள்ளது. 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல். அதில் இருப்பது ஒரு பெண்ணின் பெயர்: இஸ்ரயேலின் மகள் சாரா.

வெளியுலகில் கணக்கு மெல்ல மாறியிருக்கிறது. 1935இல் ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் ரப்பியாக ஏற்கப்பட்டார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். சீர்திருத்தப் பிரிவினரின் கோயில்களில் இன்று பெண்களும் பத்தில் சேர்கிறார்கள். தால்மூதை நாளுக்கு ஒரு ஏடாக ஏழரை ஆண்டுகள் படித்து முடிக்கும் சுற்றொன்று உண்டு. 2020 ஜனவரியில் அந்தச் சுற்றின் நிறைவை எருசலேமில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்றுகூடிக் கொண்டாடினார்கள். தால்மூதைப் படிக்கும் முறை எனக்குப் பிடித்தது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, உரக்க வாசித்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்து, சண்டை போட்டுப் படிப்பது.

முதுகலை வகுப்பில் இதை முயன்று பார்க்கிறோம். 'கார்குழலி'யின் பதிப்பாசிரியர்களுக்கு ஒரே பாட்டு பல நோட்டுகளில் பல எழுத்துக் கூட்டலில் கிடைத்தது. ஒவ்வொருத்தியும் தன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தாள். ராசிபுரம் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி தன் அம்மாயி பாடிய ஒப்பாரிகளை நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொண்டுவந்தாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்தவள், ஓமலூர்க்காரி, இரண்டாம் வரியிலேயே நிறுத்தினாள். தன் ஊரில் அந்த இடத்தில் வேறு சொல் என்றாள். மணி அடித்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை.