வரைபடம் முடிந்த பிறகு கேட்கும் கருத்து

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்து வெள்ளம் தூத்துக்குடிக்குள் புகுந்தது. பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. வீடுகளில் சிக்கிக்கொண்டவர்களை மீட்கக் கடலோடிகள் தங்கள் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். ஆபத்தில் முதலில் தேடப்பட்ட இந்த மக்களை, நகரத்துக்கும் கடற்கரைக்கும் திட்டம் தீட்டும்போது எந்தக் கட்டத்தில் தேடுகிறோம்?

ஏட்டளவில் வழிகள் நிறையவே திறந்திருக்கின்றன. 2017இல் தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்றபோது மக்கள் கருத்து கேட்கப்பட்டது. 2022இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. மாவட்ட ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கமும் இருக்கிறது. இவற்றை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அடைபட்ட வாய்க்காலையும் எரியாத விளக்கையும் பகுதி சபையில் எழுந்து கேட்க முடிவது நல்ல தொடக்கம்தான். ஆனால் வார்டின் எல்லைக்குள் வெள்ளம் நிற்பதில்லை. கோரம்பள்ளம் குளம் நீர்வளத் துறையிடம், நகரின் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் பக்கிள் ஓடை மாநகராட்சியிடம், மன்னார் வளைகுடாத் தீவுகள் வனத் துறையிடம், துறைமுகம் ஒன்றிய அரசிடம். குளத்தில் தொடங்கிக் கடலில் முடியும் ஒரே தண்ணீரைப் பற்றி இவர்கள் எல்லோரையும் ஒருசேரக் கேள்வி கேட்க ஒரு குடிமகனுக்கு எந்த மேடையும் இல்லை.

இதைவிடப் பெரிய குறை காலம் பற்றியது. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தயாரான வரைவு வரைபடங்கள் மீது 2023 ஆகஸ்டில் தமிழகக் கடலோர மாவட்டங்களில் கருத்துக்கேட்பு நடந்தது. மீனவ கிராமங்களையே வரைபடத்தில் காணவில்லை, வலை உலர்த்தும் இடமும் படகு நிறுத்தும் இடமும் குறிக்கப்படவில்லை, எங்கள் பிள்ளைகளுக்கு வீடு கட்ட நிலம் எங்கே என்று மீனவர்கள் முறையிட்டார்கள். இவையெல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் புதிதாகக் கேட்ட சலுகை அன்று. கடலோர ஒழுங்குமுறை விதிகளே சொல்வதுதான். வரைபடம் போடுவதற்கு முன்பே அந்த ஊர்க்காரர்களோடு கடற்கரையை நடந்து பார்த்திருந்தால் இந்த முறையீட்டுக்கே தேவை இருந்திருக்காது. கடல் ஏறிவரும் காலத்தில் கரையில் காலியாகத் தெரியும் நிலம் உண்மையில் யாருக்குப் பயன்படுகிறது என்பதை மேலிருந்து எடுத்த படம் சொல்லாது.

இந்தக் கரைக்கு வேறொரு பழக்கமும் தெரியும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அதை அறிவிக்கும் முன் முத்துச்சிப்பி வாழும் கடலடிப் பார்களைச் சோதிப்பார்கள். முத்துக்குளிப்போர் மூழ்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்துவருவார்கள். அவற்றை எண்ணி, முத்தின் மதிப்பைப் பார்த்து, அந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்று அரசு முடிவெடுக்கும். அது நீதியான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். உழைப்பும் ஆபத்தும் மூழ்கியவர்களுடையது, பெரும்பங்கு அரசுடையது. இருந்தும் கடலடியை அறிந்தவர் கொண்டுவந்த சான்று முடிவுக்கு முன்னால் வந்தது. முடிவெடுத்த பிறகு அவரை அழைத்துக் கருத்துக் கேட்கவில்லை. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்த வரிசைமுறையும் அதோடு போய்விட்டது.

மக்களைக் கேட்டுவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. கரையைக் காக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவு இதற்கு நல்ல உதாரணம். அமலிநகர் போன்ற ஊர்கள் அதைக் கேட்டுப் போராடியிருக்கின்றன. வீட்டுவாசல் வரை அலை வரும் ஊருக்கு அதைக் கேட்கும் உரிமை இல்லையென்று யார் சொல்ல முடியும்? ஆனால் கரையோரமாக நகரும் மணலைக் கல்வளைவு தடுத்தால், மணல் போகும் திசையில் அடுத்திருக்கும் ஊர் தன் கரையை இழக்கிறது. பிறகு அந்த ஊரும் வளைவு கேட்கிறது. ஊர் ஊராக மனு வாங்கி ஊர் ஊராகக் கல் கொட்டுவது பங்கேற்பு போலத் தோன்றினாலும், அண்டை ஊர்களைப் பகையாக்கும் திட்டமாகவே முடிகிறது. கேட்கப்படுவதும் எல்லோரும் அல்லர். மீன் விற்கும் பெண்களும் உப்பளத் தொழிலாளர்களும் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் அரிதாகவே பேசுகிறார்கள். மழையில் முதலில் வேலை போவது உப்பளத்தில்தான். தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் அரசு, வெள்ள வடிகால் பற்றிப் பேசும்போதும் அவர்களை அழைக்க வேண்டும்.

நம்பிக்கை தரும் அனுபவம் வான் தீவில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டன. வான் தீவும் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் நடந்த பவளப்பாறை வெட்டு அதன் அலைத்தடுப்பைச் சிதைத்திருந்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து 2015 முதல் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கின. அவை அலையின் வேகத்தைக் குறைத்தன, மீனுக்கும் புகலிடமாயின. காப்பதும் பிழைப்பதும் அங்கே ஒன்றுக்கொன்று எதிராக நிற்கவில்லை.

ஆனால் ஒரு தீவைக் காக்கக் கூடிய இந்த அறிவும் கூட்டும் நகரத்தின் பெரிய முடிவுகளை எட்டவில்லை. 2024 பிப்ரவரி 28இல் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் வெளித் துறைமுகத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பு சுமார் 7,000 கோடி ரூபாய். கடலுக்குள் எழும் ஒவ்வொரு சுவரும் மணலின் போக்கையும் அலையையும் மாற்றக்கூடியது. அதன் விளைவை திரேஸ்புரம் முதல் புன்னைக்காயல் வரையுள்ள ஊர்கள் ஒன்றாக உட்கார்ந்து கேட்கும் கூட்டம் வேண்டும். தரவுகள் அங்கே தமிழில் வைக்கப்பட வேண்டும். ஏற்காத ஆட்சேபத்துக்குத் துறைமுகமும் மாநில அரசும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இதெல்லாம் கல் கடலில் விழுவதற்கு முன்பு நடக்க வேண்டும்.