ஆடலும் மரியாதையும்

ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுவதென்றாலே நம்மவர்களில் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். மரியாதை கெட்ட வேலை என்று ஒரே பேச்சில் தள்ளிவிடுவார்கள். ஜேன் ஆஸ்டினைப் படித்தவர்களுக்கோ, அந்தக் கூடத்தில் மரியாதையைத் தவிர வேறொன்றுமே நடக்கவில்லையோ என்று தோன்றும்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் நடனத்துக்குக் கண்டிப்பான சம்பிரதாயங்கள் உண்டு. ஆண்தான் அழைக்க வேண்டும். பெண் மறுக்கலாம், ஆனால் ஒருவரை மறுத்தவள் பிறகு வேறொருவரோடு ஆடுவது பண்பல்ல. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலில் எலிசபெத், அசட்டுப் பாதிரியார் காலின்ஸை மறுத்த பாவத்துக்கு, மிச்ச இரவை ஆடாமலே கழிக்கிறாள். பெண்கள் ஜோடியின்றி உட்கார்ந்திருக்கையில் ஆண் சும்மா நிற்பதும் குற்றமே. டார்சி ஊராரிடம் கெட்ட பெயர் வாங்கியது அதனால்தான்.

என் மனத்தில் நிற்பது 'எம்மா'. 1815 டிசம்பரில் வெளிவந்தது. கிரவுன் விடுதியில் நடனம். பெற்றவர் இன்னாரென்று தெரியாத ஹாரியட் என்ற பெண், அழைப்பாரின்றி உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தம் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்ற கோபம் பாதிரியார் எல்டனுக்கு இன்னும் ஆறவில்லை. அவள் கண்ணெதிரேயே உலாத்துகிறார். திருமதி வெஸ்டன் அவளைச் சுட்டிக்காட்டியதும், தமக்குக் கல்யாணமாகி வயசாகிவிட்டது, ஆடுகிற காலம் போயிற்று என்று நழுவுகிறார். பேச்சில் பணிவுதான். பிறகு தம் மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்பு! விஷம் அதில் இருக்கிறது.

அதுவரை ஆடாமல் ஒதுங்கி நின்ற நைட்லி வந்து ஹாரியட்டை அழைத்துப் போகிறார். பிரசங்கம் இல்லை. ஆசிரியையும் சில வரிகளில் முடித்துவிடுகிறார்.

மறுநாள் நாடோடிக் கூட்டத்திடமிருந்து ஹாரியட்டை ஃபிராங்க் சர்ச்சில் காப்பாற்றுகிறான். பின்னர், தனக்கு உதவிய ஒருவரிடம் மனம் போனதாக அவள் சொல்லும்போது, எம்மா ஃபிராங்கைத்தான் நினைக்கிறாள். இல்லை, ஆட அழைத்தவரையாம். நம் தொடர்கதைகளாயிருந்தால் ரௌடிகளை அடித்தவனுக்கே மாலை விழுந்திருக்கும். அவமானத்திலிருந்து மீட்டவன் அதைவிடப் பெரியவன் என்பது ஒரு பெண்ணின் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

எனக்கு ஆசிரியையிடம் குறையும் உண்டு. கடைசியில் நைட்லி எம்மாவுக்கு. ஹாரியட் ஒரு குடியானவனுக்கு. அவன் நல்லவன்தான். ஆனாலும் எம்மாவின் சிநேகிதமும் அத்தோடு தேய்கிறது. நடனத்தில் கிடைத்த சமத்துவம் நடனத்தோடு சரி. அவளுடைய ஆசையை ஆசிரியை கொஞ்சம் வேடிக்கையாகவே நடத்திவிட்டார்.

'நம் கும்மியில் இந்தத் தொல்லை ஏது?' என்பீர்கள். எங்கள் நாச்சியாபுரம் பக்கத்து முளைப்பாரிக் கும்மியில் அழைப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. ஆள் சேரச் சேர வட்டம் விரியும். ஆனால் அந்த வட்டம் விதவைக்கு விரிந்ததில்லை. அவள் வாசற்படியோரம் நின்று பார்த்த காலம் வெகுதூரத்தில் இல்லை. அவளை 'வராதே' என்று யாரும் சொல்லவும் வேண்டியதில்லை, அவளே நின்றுவிடுவாள். கொட்டுகிற கையை நிறுத்திவிட்டுப் போய், அவளை உள்ளே இழுத்து வருகிற ஒரு நாத்தனாரைத் தமிழ்க் கதை ஒன்றில் சந்திக்க எனக்கு ஆசை.