மூழ்கலும் அமிழ்த்தலும்: நமது பாடசாலைகளில் ஆங்கிலம்

ஆங்கில ஆசிரியர்களுக்கான செயலமர்வுகளில் ஒரு சொல் மிகவும் செல்லமாகப் புழங்குகிறது: 'இமேர்ஷன்'. தமிழில் 'மொழியில் மூழ்குதல்' என்கிறார்கள். பிள்ளையைச் சுற்றி ஆங்கிலமே இருக்க வேண்டும், வகுப்பறைக்குள் தமிழ் நுழையக் கூடாது, பாட்டும் விளையாட்டும் நாடகமும் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும், அப்போது பிள்ளை தாய்மொழியைப் பெற்றது போல இதையும் தானாகவே பெற்றுவிடும் என்பது இதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் கிழக்கில் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். இதை நானும் நம்பினேன். நம்பி ஒரு பிழையும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். செயலமர்வுகளில் அதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

1965 இல் கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள செயின்ற் லம்பேர்ட் என்ற நகரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் படிப்பிக்கும்படி கேட்டுப் போராடி அந்த வகுப்பைத் தொடக்குவித்தார்கள். மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வொலஸ் லம்பேர்ட் அந்தப் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார். ஆய்வு 1972 இல் நூலாகவும் வந்தது. பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாக விளங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய ஆங்கிலமோ மற்றப் பாடங்களோ பின்னடையவில்லை. உலகமெல்லாம் 'மூழ்குதல்' பரவியது இந்த வெற்றியிலிருந்துதான்.

ஆனால் அந்த வகுப்பு எப்படி நடந்தது? ஆசிரியருக்கு இரண்டு மொழியும் விளங்கும். பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் ஆசிரியர் பிரெஞ்சில் பதில் சொல்வார். தொடக்கத்தில் பிள்ளை தன் மொழியில் பேசுவதை யாரும் தடுக்கவில்லை. இரண்டாம் வகுப்பிலேயே ஆங்கிலமும் பாடமாக வந்துவிட்டது. எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: அந்தப் பிள்ளைகளின் தாய்மொழி ஆங்கிலம். நாட்டின் பெரும்பான்மை மொழி, பணத்தின் மொழி. அதற்கு எந்த ஆபத்தும் இல்லை. பிரெஞ்சு அதற்கு மேல் கூட்டப்பட்டது. லம்பேர்ட்டே பின்னர் இதைப் பிரித்துக் காட்டினார். ஒரு மொழி மேல் இன்னொன்று கூடுவது ஒன்று, ஒன்றைக் கழித்து இன்னொன்றை வைப்பது வேறு. முதலாவதைக் கூட்டல் இருமொழியம் என்றும் இரண்டாவதைக் கழித்தல் இருமொழியம் என்றும் தமிழில் சொல்லலாம். சிறுபான்மை மொழி பேசும் பிள்ளையைப் பெரிய மொழிக்குள் கைவிட்டுத் தள்ளுவதை ஆய்வாளர்கள் 'மூழ்குதல்' என்று சொல்வதேயில்லை. அதற்கு 'அமிழ்த்தல்' என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

நமது செயலமர்வுகளில் மூழ்குதலின் பெயரைச் சொல்லி அமிழ்த்தலைத்தான் விற்கிறார்கள்.

இப்போது என்னுடைய பிழை. ஒரு வருடம் ஏழாம் தரத்தில் 'ஆங்கிலம் மட்டும்' என்று சட்டம் போட்டேன். பாடவேளையில் தமிழில் ஒரு சொல் வந்தால் ஐந்து ரூபாய். வகுப்பு மொனிட்டர் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். முதல் கிழமை நல்ல கலகலப்பு. இரண்டாம் கிழமையிலிருந்து வகுப்பு அமைதியானது. நான் அதைக் கட்டுப்பாடு என்று நினைத்தேன். அதிபர் கூட வந்து பார்த்துவிட்டுப் பாராட்டினார். தவணை முடிவில் சேர்ந்த காசில் வகுப்புக்கு ஒரு மணிக்கூடு வாங்கிச் சுவரில் மாட்டினோம்.

அந்தக் கிழமை ஒரு பிள்ளையின் உம்மா வந்தார். வாசலில் நின்றே சொன்னார்: "சேர், என்ட புள்ள வீட்டுல வாய் ஓயாமக் கதைக்கிற புள்ள. உங்கட பாடத்துல மட்டும் வாயே தொறக்கிறல்லயாம். தொறந்தா தமிழ்தான் வரும், காசிக்கி எங்க போற சேர்?" வாப்பா கடலுக்குப் போகிறவர். பருவம் பிழைத்தால் வீட்டில் அடுப்பெரியாது. அன்றிரவு மொனிட்டரின் கொப்பியை எடுத்துப் பெயர் பெயராகப் பார்த்தேன். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் இருவர், டொக்டர் வீட்டுப் பிள்ளை ஒருவர், ஒரு சதமும் கட்டவில்லை. சுவரிலிருந்த மணிக்கூடு கடலுக்கும் வயலுக்கும் போகிறவர்களின் காசு. ஆங்கிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளிடம், ஆங்கிலம் இல்லாததற்காக வரி வாங்கியிருக்கிறேன். தென்னிலங்கைப் பல்கலைக்கழக மாணவர் பேச்சில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பெயர், சிங்களத்தில் வாள். அதையே தலைப்பாக்கி 1984 இல் திரு கந்தையா எழுதிய கட்டுரை பிரசித்தம். அந்த வாளைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மேல் நானும் வீசியிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

உண்மையான மூழ்கல் என்னவென்று தெரிய நமக்குக் கனடாவுக்குப் போகத் தேவையில்லை. நம் ஊர்களில் எந்தத் தெருவிலும் கேட்டுப் பார்க்கலாம். குருநாகலில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போன பையன் ஆறு மாதத்தில் சிங்களத்தில் பேரம் பேசுகிறான். குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போன பெண் இரண்டு வருடத்தில் அறபு பேசிக்கொண்டு வருகிறார். இவர்களுக்கு இலக்கணம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல் ஒவ்வொன்றும் கையில் ஒரு பொருளோடு வந்தது. 'இதைக் கொண்டு வா, அதைக் கழுவு' என்றால் இது எது, அது எது என்று கண்ணுக்குத் தெரியும். ஸ்டீபன் கிராஷன் 1980களில் 'விளங்கக்கூடிய உள்ளீடு' என்று சொன்னது இதைத்தான். காதில் விழும் மொழி விளங்க வேண்டும், அதைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். செயலமர்வுகளில் 'உள்ளீடு' நிற்கிறது, 'விளங்கக்கூடிய' என்பது உதிர்ந்து போகிறது.

விளங்காத உள்ளீடு என்ன தரும் என்பதும் நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயமே. ஐந்து வயதில் ஓதப்பள்ளிக்குப் போகிறோம். பத்து வருடம் அறபை ஓதுகிறோம், அழகாக, தஜ்வீத் பிழையில்லாமல். ஓதுவது இபாதத், அதன் நோக்கமே வேறு, அதில் குறை காண நான் யார். ஆனால் மொழிக் கற்றல் என்ற கண்ணால் மட்டும் பார்த்தால், பத்து வருடம் ஒரு மொழியின் ஓசையில் முழுதாக மூழ்கியும், எதிரே வரும் அறபியிடம் தண்ணீர் கேட்க நமக்கு வராது. குவைத்துக்குப் போன உம்மாவுக்கு அது இரண்டு மாதத்தில் வரும். அந்த உம்மாவுக்கோ ஒரு அறபுக் கடிதத்தை வாசிக்க முடியாது. கனடாவிலும் இதுவே நடந்தது. பல வருடம் பிரெஞ்சில் மூழ்கிய பிள்ளைகள் கேட்டு விளங்குவதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு அருகில் வந்தார்கள், பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தளர்ந்தே இருந்தது. மெரில் ஸ்வெயின் 1985 இல் இதைக் காட்டி, கேட்டால் மட்டும் போதாது, பிள்ளை தானே ஒன்றைச் சொல்ல முயன்று, தடுமாறி, தன் குறையைத் தானே கண்டுகொள்ள வேண்டும் என்றார். தடுமாற இடமிருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். என் ஐந்து ரூபாய்ச் சட்டம் அந்த இடத்தைத்தான் முதலில் அடைத்தது.

அடுத்தது 'ஈர்க்கும் முறைகள்'. பாட்டு, பொம்மலாட்டம், லெமினேட் செய்த அட்டை, நடித்துக் காட்டல். இவற்றை நான் வெறுக்கவில்லை. ஜேம்ஸ் ஆஷரின் முறை, அதாவது ஆசிரியர் கட்டளை சொல்ல பிள்ளைகள் உடலால் செய்து காட்டுவது, நாற்பது பேர் வகுப்பிலும் அருமையாக வேலை செய்கிறது. காரணம், அதில் பிள்ளை வாய் திறக்கத் தேவையில்லை. விளங்கியது என்பதை எழுந்து நின்றோ கதவைத் திறந்தோ காட்டினால் போதும். வெட்கப்படும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் 'சூப்பர் மார்க்கெட்' நடிப்பு என்று ஒன்று வருகிறதே, அதைப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள் முன்னே வந்து மனப்பாடம் செய்த எட்டு வரியைச் சொல்கிறார்கள். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் மற்றவர் என்ன சொல்வார் என்று முன்பே தெரியும். அப்படியானால் அங்கே மொழிக்கு என்ன வேலை? வகுப்பு சிரிக்கிறது, ஆசிரிய ஆலோசகர் குறிப்பேட்டில் சரி போடுகிறார், மொழி மட்டும் நகரவில்லை. அதே பிள்ளைகளில் ஒருவர் கையில் மீன்களின் விலைப்பட்டியலும் மற்றவர் கையில் ஆயிரம் ரூபாயும் வீட்டில் எத்தனை பேர் என்ற குறிப்பும் கொடுத்து, ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள். கேட்டே ஆக வேண்டும். பாதித் தமிழில்தான் தொடங்கும். தொடங்கட்டும். சூரைக்கும் பாரைக்கும் விலை வித்தியாசம் என்னை விட அவர்களுக்குத்தான் தெரியும், அந்தத் துணிவில் ஆங்கிலமும் வரும்.

இங்கே சுரேஷ் கனகராஜாவின் ஆய்வு நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முதலாம் வருடக் கலைப்பீட மாணவர்களுக்கு அவர் ஒரு அமெரிக்கப் பாடநூலைக் கொண்டு ஆங்கிலம் படிப்பித்தார். பிறகு அந்தப் புத்தகங்களின் ஓரங்களில் மாணவர் கிறுக்கியிருந்தவற்றை வாசித்தார். நூலின் வெள்ளைக்காரப் பாத்திரங்களுக்குத் தமிழ்ச் சாயல் பூசிய படங்கள், சினிமா, அரசியல் சுலோகம், சொற்களுக்குத் தமிழ்ப் பொருள். நூலுக்குள் நுழைய முடியாத பிள்ளைகள் ஓரத்தில் குடியேறியிருந்தார்கள். 1999 இல் வெளிவந்த அவரது நூலில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாணவர்களே உரையாடல் முறையை விரும்பாமல், "இலக்கணம் சொல்லித் தாருங்கள்" என்று கேட்டார்கள். நம் செயலமர்வுக்காரர் இதைப் பழமைவாதம் என்பார்கள். நான் அப்படி எண்ணவில்லை. அந்நிய வாழ்க்கையை நடித்துக் காட்டச் சொன்னபோது, 'அது வேண்டாம், மொழியின் எலும்பை மட்டும் கொடு, பரீட்சைக்கு உதவும்' என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒரு தற்காப்பும் இருக்கிறது, ஒரு கணக்கும் இருக்கிறது.

கணக்கு சரிதான். எங்கள் காலம் முழுவதும் சாதாரண தர ஆங்கிலம் எழுத்துப் பரீட்சையாகவே இருந்தது. பேசவும் கேட்கவும் புள்ளி இல்லை. புள்ளி இல்லாததைப் பிள்ளை ஏன் படிக்க வேண்டும்? பத்தாம் தரத்தில் பாட்டும் விளையாட்டும் மறைந்து கடந்தகால வினாத்தாள் வந்து உட்காருவது ஆசிரியரின் சோம்பலால் அல்ல.

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920களில் டாக்காவில் வேலை செய்தவர். வங்காளப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் படிப்பைப் பாதியில் விடுவதைக் கண்டு, 1926 இல் வெளிவந்த தன் நூலில் காப்புறுதிக்காரர் பாஷையில் ஒரு கேள்வி கேட்டார். பொலிசியை நடுவில் நிறுத்தினால் கையில் ஒரு தொகை மிஞ்சுமல்லவா, அதுபோல ஐந்தாம் வருடத்தில் விலகும் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும்? அவரது விடை, முதலில் வாசிக்கக் கற்றுக்கொடு என்பது. பேச்சை அவர் பின்தள்ளியதை நான் ஏற்கவில்லை. கேள்வி மட்டும் நூறு வருடமாகியும் பழுதாகவில்லை. எட்டாம் தரத்தோடு கட்டாருக்குப் போகும் நம் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? மருந்துப் போத்தலின் லேபலை, ஒப்பந்தத் தாளின் சம்பள வரியை வாசிக்க முடியுமா? ஒரு முறை எவ்வளவு கலகலப்பானது என்று கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்க வேண்டும்.

மறுபக்கம் கொழும்பில் இருக்கிறது. அங்கே நம்மவர் பலரின் பிள்ளைகள் சர்வதேசப் பாடசாலையில் முழுக்க ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அவர்களுக்கு மூழ்கல் கிடைத்தது, ஆங்கிலமும் கிடைத்தது. தமிழில் ஒரு பந்தி வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுகிறார்கள். மூத்தம்மா சொல்லும் பழமொழி விளங்காமல் உம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிப் பாடசாலைக்குப் பயந்து நம் மூதாதையர் ஆங்கிலத்தையே ஒதுக்கினார்கள். சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கி அந்தப் பயத்தோடு மல்லுக்கட்டினார். நவீன கல்வியும் ஆங்கிலமும் வேண்டும் என்று அவர் வாதாடியது தமிழில் என்பதை நாம் மறந்துவிட்டோம். அன்று ஆங்கிலத்தை விட்டதால் வந்த இழப்பைச் சரிசெய்கிறோம் என்று, இன்று தமிழைக் கழித்துக்கொண்டிருக்கிறோம்.

தண்டப்பணத்தை அடுத்த தவணையில் நிறுத்தினேன். அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வைத்தேன். பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம், பிள்ளைகள் நேற்று வீட்டில் நடந்த ஒன்றைத் தமிழில் சொல்வார்கள். அதை எல்லோரும் சேர்ந்து ஆங்கிலத்தில் மூன்று வரியாக ஆக்கிக் கரும்பலகையில் எழுதுவோம், வாசிப்போம், கொப்பியில் இறக்குவோம். கடலுக்குப் போகிறவரின் மகள் வலை அறுந்த கதையைச் சொன்னார். 'அறுந்தது' என்பதற்குச் சரியான சொல் எனக்கே உடனே வரவில்லை. வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது. அகராதியை எடுத்து வர அந்தப் பிள்ளைதான் ஓடினார்.